வண்டலூர் ஜூவுக்கு எந்த லென்ஸ்? 1500டி இருக்கு, 150-600 வாங்கலாமா?

கேள்வி, 04-01-2025

அண்ணா, பெரம்பூர்லேர்ந்து எழுதுறேன். கேனன் 1500டி, கூட வந்த 18-55 கிட் லென்ஸ், அவ்ளோதான் இருக்கு. காணும் பொங்கலுக்கு வீட்டோட வண்டலூர் போறோம். புலி மூஞ்சி ஃப்ரேம் ஃபுல்லா வரணும்னு ஆசை. போன தடவ எடுத்ததுல எல்லாத்துலயும் கம்பி பளிச்சுனு இருக்கு, மிருகம் மங்கலா இருக்கு. 150-600 எம்எம் ஜூம் லென்ஸ் இருந்தாத்தான் ஆவும்னு ஃப்ரெண்டு சொல்றான். இஎம்ஐ போட்டு வாங்கலாமா? செட்டிங் இன்னா வெக்கணும்?

04-01-2025, ராத்திரி

இஎம்ஐ போடாத தம்பி. மொதல்ல இத சொல்லிட்டேன், மத்தது அப்பால.

கம்பி பளிச்சுனு விழுந்ததுக்கும் லென்ஸ் எவ்ளோ நீளம்ன்றதுக்கும் சம்பந்தம் கம்மி. உன் கேமரால ஒம்பது ஃபோகஸ் பாயின்ட் இருக்கு, எல்லாத்தையும் ஆன்ல வுட்டா எது கிட்டக்க இருக்கோ அதத்தான் புடிக்கும், கிட்டக்க இருக்கறது கம்பி. 600 லென்ஸ் மாட்டினாலும் அதே கதை தான். நடு பாயின்ட் ஒண்ண மட்டும் வெச்சுக்கோ, அந்த கேமரால கிராஸ் டைப், அதாவது குறுக்கு கோடு நெடுக்கு கோடு ரெண்டையும் பாக்குறது, அது ஒண்ணு தான், மத்த எட்டையும் விட அது தான் கெட்டியா புடிக்கும். கம்பி வலையோட ஓட்டைக்கு நடுவுல அந்த புள்ளிய வெச்சு, கண்ணுல ஃபோகஸ் பண்ணு.

லென்ஸ்னு கேட்டா 55-250 ஐஎஸ் எஸ்டிஎம். ஐஎஸ்னா கை ஆட்டத்த சமாளிக்கிற வசதி. உன் சென்ஸார் சின்னது, 1.6 மடங்கு கணக்கு, அதனால 250ன்றது ஃபுல் ஃப்ரேம்னு சொல்ற பெரிய சென்ஸார் கேமரால 400 போட்டா எவ்ளோ தெரியுமோ அவ்ளோ தெரியும். எடை 375 கிராம். பீச் ஸ்டேஷன்ல ஏறி செங்கல்பட்டு வண்டில நின்னுக்கினே போனாலும் தோள் வலிக்காது. 150-600 கிட்டத்தட்ட 2 கிலோ, அதத் தூக்கிக்கினு அவ்ளோ பெரிய எடத்த சுத்தி வந்தா மதியத்துக்கு மேல கேமராவ எடுக்கவே மனசு வராது. இன்னொண்ணு, அந்த பெரிய லென்ஸுங்கள்லாம் 2 மீட்டருக்கு உள்ள ஏதாச்சும் வந்தா ஃபோகஸே ஆவாது, மயில் உன் கால்கிட்ட வந்து நின்னாலும் வேடிக்க தான் பாக்கணும். 55-250 எண்பத்தஞ்சு சென்டிமீட்டர் வரைக்கும் புடிக்கும்.

கடைல 75-300ஐ வெல கம்மின்னு சேத்து தள்ளுவாங்க. அதுல ஐஎஸ் கிடையாது. 300ல கைல புடிச்சு மர நிழல்ல எடுக்கும்போது தான் அதோட கொறை தெரியும். வேணாம்.

05-01-2025

கம்பி எப்டி காணாம போவுதுன்னு புரிஞ்சுக்கினா செட்டிங் மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல, அதனால கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

250ல எஃப் 5.6 வெச்சா லென்ஸுக்குள்ள வெளிச்சம் நுழையிற வாசல் சுமார் 45 மில்லிமீட்டர் அகலம், 250ஐ 5.6ஆல வகுத்தா அது தான் வரும். வலைக்கம்பி 3 மில்லிமீட்டர் தடிமன்னு வெச்சுக்கோ. 45 மில்லி வாசல்ல 3 மில்லி கம்பி கொஞ்சூண்டு வெளிச்சத்த தான் மறைக்கும், மீதி சுத்திக்கினு உள்ள வந்துடும், மிருகம் தெரியும், கம்பி கரைஞ்சு போவும். அதே லென்ஸ்ல எஃப் 16 வெச்சா வாசல் 16 மில்லி தான், இப்ப கம்பி பட்டை பட்டையா தெரிய ஆரம்பிக்கும். உன் 18-55ல 55, எஃப் 5.6ன்னா வாசல் 10 மில்லி. போன தடவ இன்னா நடந்துச்சுன்னு இப்ப புரிஞ்சிருக்குமே, உன் கை மேல தப்பில்ல.

அதனால: ஏவி மோடு (எஃப் நம்பர நீ வெப்ப, ஷட்டர கேமராவே பாத்துக்கும்), எஃப் நம்பர் எவ்ளோ கீழ போவுமோ அவ்ளோ கீழ, ஜூம் முழுசா, நீ கம்பிகிட்ட போ. அப்பால ரெண்டு விஷயம் உன் கைல இல்ல, ஆனா காத்திருந்தா கெடைக்கும். மிருகம் கம்பிலேர்ந்து தள்ளி உள்ள நிக்கணும். கம்பிய ஒட்டி வந்து நின்னா எவ்ளோ வெல லென்ஸாலயும் கம்பிய மறைக்க முடியாது, அந்த நேரத்துல கேமராவ எறக்கிட்டு கண்ணால பாரு, அது ஒடம்பு மூச்சு வாங்குறது அவ்ளோ கிட்டக்க தெரியும்.

ரெண்டாவது நிழல். வெய்யில் பட்ட கம்பி மங்கினாலும் படம் முழுக்க வெள்ளையா பால் ஊத்தின மாதிரி ஒரு திரைய போட்டுட்டு போவும். மர நிழல் விழுற எடமா பாத்து நில்லு. அதே கூண்டு, ரெண்டு அடி தள்ளி நின்னா படம் வேற.

06-01-2025

காணும் பொங்கலுக்கு கேமராவ வீட்ல வெச்சுட்டு போ. சொல்றது கஷ்டமா தான் இருக்கு, ஆனா அன்னிக்கு மெட்ராஸே அங்க தான் இருக்கும். ரெயிலிங்குல எடம் கெடைக்காது, புள்ளைங்கள தோள்ல தூக்கி வெச்சுக்கினு பின்னாடி அத்தன பேரு நிக்கும்போது அரை மணி நேரம் நீ எடத்த புடிச்சுக்கினு நிக்கிறது நியாயமும் இல்ல. புள்ளைங்களோட போயி சாப்ட்டு சுத்திட்டு வா. படத்துக்கு பொங்கல் லீவெல்லாம் முடிஞ்சு ஒரு வார நாள் போ, செவ்வாக்கெழம ஜூ லீவு, அத மட்டும் பாத்துக்கோ. தொறக்கும்போதே உள்ள போயிடணும்.

11-01-2025

கம்பிகிட்ட போன்னு எழுதினதுக்கு ஒருத்தர் கோவமா கேட்டிருந்தாரு, ரெயிலிங்க தாண்ட சொல்றீங்களான்னு. இல்லவே இல்ல. கூண்டுக்கும் நமக்கும் நடுவுல ஒரு ரெயிலிங் இருக்கும், அது வரைக்கும் தான். அதுக்கு மேல ஒரு அடி கூட கெடையாது, காலத் தூக்கி போடுறதும் கைய நீட்டுறதும் கெடையாது. ஒன்றரை மீட்டர் தள்ளி கம்பி இருந்து, மிருகம் பத்து மீட்டர்ல இருந்தா மேல சொன்ன கணக்கு நல்லாவே வேலை செய்யும்.

இன்னொரு திருத்தமும் இருக்கு. வண்டலூர்ல புலி, சிங்கம், நீர்யானை மாதிரி பல பெரிய மிருகங்களுக்கு கம்பி வலைய விட அகழி தான் முக்கியமான தடுப்பு. அங்க முன்னாடி போயி முட்டிக்கினு நிக்கிறதுல லாபம் இல்ல, சொல்லப்போனா நஷ்டம். சுவத்துக்கிட்ட நின்னு கீழ பாத்து எடுத்தா முதுகும் மண்ணும் தான் விழும். எடம் இருந்தா நாலு தப்படி பின்னாடி வந்து, கேமராவ சுவர் ஒயரத்துக்கு எறக்கி, ஜூம் முழுசா தள்ளி எடு, கோணம் தட்டையாவும், புலி உன்ன நேருக்கு நேர் பாக்குற மாதிரி வரும். கம்பி வலைன்னா முன்னாடி, அகழின்னா பின்னாடி.

லென்ஸ் சாஃப்ட்டா இருக்குன்னு பொலம்புறவங்க பாதி பேரு பதினோரு மணிக்கு மேல அகழி தாண்டி எடுத்தவங்களா இருப்பாங்க. சூடான தரை மேல காத்து அலை அலையா எழும்பும், அது நடுவுல இருந்தா எந்த லென்ஸும் கூர்மையா வராது. படத்துல மீசை முடி தனித்தனியா இல்லாம குழைஞ்சு இருந்தா மொதல்ல மணிய பாரு, அப்பால லென்ஸ திட்டு. 600 எம்எம் வெச்சு தூரத்துலேர்ந்து எடுக்குறவங்கள இது தான் மொதல்ல அடிக்கும்.

12-01-2025

ஒரு அக்கா கேட்டிருந்தாங்க, போன் மட்டும் இருக்கறவங்க இன்னா பண்றதுன்னு. போன் லென்ஸோட வாசல் சில மில்லிமீட்டர் தான், அதனால கம்பி கரையாது. ஆனா லென்ஸே சின்னதா இருக்கறது தான் போனுக்கு பலம். பறவைக் கூண்டு மாதிரி ரெயிலிங் இல்லாம வலைகிட்ட நிக்க வுட்ட எடத்துல, வலை ஓட்டைக்கு நேரா லென்ஸ வெச்சா கம்பியே விழாது. டிஜிட்டல் ஜூம் போடாதீங்க, எடுத்துட்டு அப்பால வெட்டிக்கலாம்.

19-01-2025

கண்ணாடிக்கு பின்னாடி இருக்கறதுங்க. கிண்டி பாம்புப் பண்ணை போறவங்களுக்கும் இது தான்.

கருப்போ கருநீலமோ சட்டை போட்டுக்கினு போ. பாதி பிரதிபலிப்பு உன் சட்டையோடது தான், வெள்ளை சட்டை போட்டவன் படத்துல நல்ல பாம்பு மேல ஒரு ஆளு நிப்பான். லென்ஸ் முனைல மாட்டுற ரப்பர் ஹூட் வாங்கி கண்ணாடி மேல மெல்ல சாத்தி, நேரா எடு. சாய்ச்சு எடுத்தா தடிமனான கண்ணாடி படத்த குழப்பிடும். மெத்துனு ஒரு துணி எடுத்துக்கினு போ, சின்னப் புள்ளைங்க ஒயரத்துல கண்ணாடி பூரா எண்ணெய் கை ரேகை இருக்கும், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு தொடச்சா போதும், லென்ஸுக்கு அவ்ளோ தான் தேவை. போலரைசர்ன்ற ஃபில்டர் கண்ணாடிக்கு ஒதவும்னு சொல்றது நெஜம் தான், ஆனா சாஞ்சு எடுக்கும்போது தான் ஒதவும், நேரா சாத்தி எடுக்கும்போது வேலை இல்ல, சும்மா ஒன்றரை ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்த முழுங்கும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாவும்).

உள்ளரங்கத்துல ட்யூப் லைட், எல்இடி இருந்தா படத்துல கருப்பு வரி வரியா விழும் சில கேமரால, முக்கியமா எலக்ட்ரானிக் ஷட்டர்ல. நம்ம கரென்ட் 50 ஹெர்ட்ஸ், வெளக்கு செகண்டுக்கு 100 தபா மின்னும், அதனால ஷட்டர் தொறந்திருக்குற நேரத்த 1/50 செகண்டுலயோ 1/100லயோ வெச்சா வரி போயிடும். பாம்பு சுருண்டு தான் கெடக்கும், 1/50 தாராளம்.

ராத்திரில நடமாடுற மிருகங்க இருக்குற இருட்டு வீட்டுல 55-250 எடுபடாது. 50 எம்எம் எஃப் 1.8 இருந்தா ஐஎஸ்ஓவ (வெளிச்சம் கம்மியா இருந்தா ஏத்துற நம்பர்) 3200, 6400ன்னு தள்ளி பாரு, நிறம் கோணலா வந்தா கருப்பு வெள்ளையா மாத்திடு, நல்லாவே இருக்கும்.

ஃபிளாஷ் எங்கயும் கூடாது. இருட்டுல வாழுற ஆந்தை கண்ணுக்கு நேரா ஃபிளாஷ் அடிக்கிறவன பாத்தா எனக்கு வயிறு எரியும். கண்ணாடிய தட்டுறதும் அதே மாதிரி தான். அந்த ஜீவன் எழுந்து போக வேற எடம் கெடையாது, இத மட்டும் நெனச்சுப் பாருங்க.

02-02-2025

தம்பி லென்ஸ் வாங்கிட்டான்! படமும் போட்டிருக்கான், சிங்கவால் குரங்கு, கம்பி சுத்தமா இல்ல, அருமை. ஆனா மூஞ்சி சாம்பலா இருக்கே, கருப்பா இல்லியேன்னு கேக்குறான்.

கேமராவுக்கு எல்லாமே நடுத்தர சாம்பல் நிறமா தான் தெரியணும். கருப்பு மிருகம் ஃப்ரேம நெறச்சா இருட்டா இருக்குன்னு நெனச்சு வெளிச்சத்த ஏத்திடும், வெள்ளைப் புலி நெறச்சா ரொம்ப வெளிச்சம்னு நெனச்சு கொறச்சிடும், புலி அழுக்குத்துணி நெறத்துல வரும். நீ எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்ல, அதாவது படத்தோட வெளிச்சத்த ப்ளஸ் மைனஸ்னு ஏத்தி எறக்குற செட்டிங்குல, எதிர்ப்பக்கமா தள்ளணும். காட்டுமாடு, கரடி, கருமந்தி, சிங்கவால் குரங்குன்னா மைனஸ் முக்காலோ ஒண்ணோ. வெள்ளைப் புலி நிழல்ல இருந்தா ப்ளஸ் முக்கால், நேர் வெய்யில்ல இருந்தா ப்ளஸ் போடாத, முதுகு வெளுத்துப்போனா திரும்ப வராது. சிங்கவால் குரங்குல கருப்பு மூஞ்சிய சுத்தி வெள்ளிப் பிடரி இருக்கே, அந்த வெள்ளி முடி வெளுக்காம பாத்துக்கோ, கருப்ப அப்பால ரா ஃபைல்ல (கேமரா சுருக்காம அப்டியே வெக்கிற ஃபைல்) தூக்கிக்கலாம்.

ஷட்டர் எவ்ளோன்னு இன்னொருத்தர் கேட்டாரு. படுத்துக் கெடக்குற சிங்கத்துக்கு ஐஎஸ் இருந்தா 1/125 போதும். நடக்குற புலிக்கு 1/500. தாவுற குரங்குக்கு 1/1000க்கு கொறையக் கூடாது. 1500டில ஏவி மோடுல இருந்துக்கினே ஐஎஸ்ஓவ நீயே 400, 800, 1600ன்னு ஏத்தி ஷட்டர் நம்பர் அந்த அளவுக்கு வருதான்னு பாரு. கிரெயின் வந்தா பரவால்ல. கிரெயின் இருக்குற படத்த சரி பண்ணலாம், ஆடிப்போன படத்த ஒண்ணும் பண்ண முடியாது.

09-02-2025

எங்க ஆயா வண்டலூர்னு சொல்ல மாட்டாங்க, கடைசி வரைக்கும் உயிர் காலேஜ் தான். மூர் மார்க்கெட் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்ல இருந்தப்போ தண்டையார்பேட்டைலேர்ந்து எங்கம்மாவ நடத்தியே இட்டுக்கினு போவாங்களாம். 1855ல மியூசியத்துல எட்வர்ட் பால்ஃபோர் ஆரம்பிச்சது, அப்பால பீப்பிள்ஸ் பார்க், 1985ல தான் வண்டலூர், 602 ஹெக்டேர். வட சென்னைக்காரங்களுக்கு நடந்து போற தூரத்துல இருந்தது ஊர் கடைசிக்கு போயிடுச்சுன்னு அம்மாவுக்கு இப்பவும் வருத்தம்.

ஆனா அம்மா இன்னொண்ணும் சொல்வாங்க, அங்க கூண்டு எல்லாம் சின்னது, புலி திரும்புறதுக்கே கஷ்டப்படும்னு. அங்க 18-55 போதுமா இருந்திருக்கும். இப்ப 250 தேவப்படுதுன்னா புலிக்கு ஒதுங்கி படுக்க எடம் கெடச்சிருக்குன்னு அர்த்தம். மிருகம் தூரமா இருக்கு, தெரியவே இல்லன்னு எழுதுறவங்களுக்கு என் பதில் இது தான், தூரமா இருக்கறது நல்லது, அது வர்ற வரைக்கும் குந்திக்கினு இரு.

பேச்சு எங்கியோ போவுது. ஓட்டேரி ஏரின்னு ஒருத்தர் கேட்டாரு, அது ஜூவுக்குள்ளயே இருக்குற ஏரி, பெரம்பூர் பக்கத்து நம்ம ஓட்டேரி இல்ல. வலசைப் பறவை வர்ற மாசத்துல அங்க 250 பத்தாது, அந்த ஒரு எடத்துக்கு 400க்கு மேல வேணும்னு ஒத்துக்கிறேன்.

16-02-2025

கை பழக வண்டலூர் வரைக்கும் போவத் தேவையில்ல. வியாசர்பாடில எந்த மொட்டை மாடில பாத்தாலும் புறா வளக்குறவங்க இருக்காங்க, சாயங்காலம் பந்தயப் புறாவ தொறந்து வுடும்போது கேட்டுட்டு ஏறி நில்லு, வேணாம்னு யாரும் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கும் ரெண்டு படம் அனுப்பிடு. ஏஐ சர்வோல, அதாவது நகர்றத வுடாம ஃபோகஸ் பண்ணிக்கினே இருக்குற மோடுல, வெச்சு 1/1600. கூட்டமா வட்டம் போட்டு திரும்பும்போது ஒரு புறாவ மட்டும் நடுப் பாயின்ட்ல புடிச்சுக்கினே வரணும். அது வந்துடுச்சுன்னா குரங்கு ஒனக்கு சாதாரணம். காசிமேட்டுல காலைல ஏலம் நடக்கும்போது பருந்து, கொக்கு எல்லாம் தலைக்கு மேலயே வரும். வீட்டுக்கு வந்தவொடனே கேமராவ ஈரத்துணியால லேசா தொடச்சு அப்பால காஞ்ச துணியால தொட, உப்புக் காத்து லென்ஸ் மாட்டுற மவுன்ட்டு வரைக்கும் ஒட்டும்.

09-03-2025

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்களுக்கு. பர்மா பஜார் பக்கமோ ஆன்லைன்லயோ, எங்க வாங்கினாலும் லென்ஸ ரெண்டு பக்கமும் மூடிய எடுத்துட்டு பின்னாடிலேர்ந்து போன் டார்ச் அடிச்சு முன்னாடிலேர்ந்து சாய்ச்சுப் பாரு. தூசி நாலு இருந்தா ஒண்ணும் ஆவாது. செலந்திக் கால் மாதிரி கிளை கிளையா ஓடினா அது ஃபங்கஸ், எவ்ளோ வெல கொறச்சாலும் வேணாம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ல இருக்கறவங்க லென்ஸ தோல் பையில மூடி அலமாரில வெக்கவே கூடாது. காத்து போவாத பிளாஸ்டிக் டப்பால சிலிக்கா ஜெல், நீலம் ரோஸா மாறினா வாணலில லேசா சூடு பண்ணா திரும்ப நீலமாவும்.

நிக்கான் வெச்சிருக்கறவங்க ஒண்ணு பாத்துக்கோங்க, புது 70-300 ஏஎஃப்-பி லென்ஸ் டி90, டி3100 மாதிரி பழைய கேமரா பாடில வேலை செய்யாது. பழைய ஏஎஃப் லென்ஸ டி3000, டி5000 வரிசை பாடில போட்டா ஆட்டோ ஃபோகஸ் கெடையாது, பாடில மோட்டார் இல்ல. மாட்டிப் பாக்காம காசு குடுக்காதீங்க.

27-04-2025

பீச்-செங்கல்பட்டு லைன்ல ஏசி ட்ரெயின் வுட்டுட்டாங்க, சந்தோஷம். அதுல வர்றவங்க கேமராவ பையிலயே வெச்சுக்கினு எறங்குங்க. ஜில்லுனு இருக்குற லென்ஸ வெளில எடுத்தவொடனே ஆவி படியும், தொடச்சா திரும்ப படியும். ஜிப் தொறக்காம இருபது நிமிஷம், நுழைவுச் சீட்டு வாங்கி உள்ள போற நேரம் தான், அதுக்குள்ள சரியாயிடும்.

04-05-2025

இன்னிக்கு அக்னி நட்சத்திரம் ஆரம்பம். தம்பி திரும்ப போறானாம். காலைல மொத ஒண்ணரை மணி நேரம், இல்லன்னா சாயங்காலம் கடைசி நேரம், நடுவுல எல்லாம் நிழல்ல தூங்கும், தூங்கட்டும். யானைக்கு தண்ணி பீச்சி அடிக்கிற நேரம் கெடச்சா வுடாத, தண்ணி முத்து முத்தா நிக்கணும்னா 1/1000, எதிர் வெய்யில்ல நில்லு.

சாயங்காலம் புலி உள்ள அடைக்கிற கதவுப் பக்கமா ஒரே கோட்டுல போயிட்டு வந்துக்கினு இருக்கும், தீனி நேரம் அதுக்குத் தெரியும். அது பின்னாடி கேமராவ ஆட்டிக்கினு இருக்காத. எங்க திரும்புதுன்னு ரெண்டு மூணு சுத்து சும்மா பாரு. திரும்புற எடத்துல ஒரு கணம் நிக்கும், முன்னங்கால் தூக்கி தலை நிமிந்து வரும், அந்த எடத்துல மொதல்லயே ஃபோகஸ் போட்டு வெச்சுடு. உன் கேமரா செகண்டுக்கு 3 படம் தான் எடுக்கும், அதனால பட்டன அழுத்திக்கினே இருக்கறதுல பிரயோஜனம் இல்ல, கால் தூக்கும்போது ஒண்ணு, போதும். நாள் பூரா அதே கோட்டுல நடந்துக்கினே இருந்தா அது வேற விஷயம், மிருகத்துக்கு மனசு சரியில்லன்னு அர்த்தம், கீப்பர்கிட்ட சொல்லு, அவங்களுக்கு அதோட பழக்கம் நம்மள விட நல்லா தெரியும்.

11-05-2025

புலி படம் பாத்தேன் தம்பி. மூஞ்சி ஃப்ரேம் ஃபுல்லா இல்ல, முக்கால்வாசி ஒடம்பு, பின்னாடி மூங்கில் புதர், இடது காது லேசா மடங்கி இருக்கு. கேட்டதவிட இது நல்லா இருக்கு. பாடி மாத்தி கேனன் ஆர்10 மிரர்லெஸ் கேமரா வாங்கலாமா, அதுல மிருகத்த தானா புடிக்குதாமேன்னு கேட்டிருக்க. புடிக்கும், ஆனா கம்பி வலை குறுக்க இருந்தா அதுவும் சில நேரம் தடுமாறும். வாங்குற வசதி வந்தா வாங்கு, உன் 55-250ஐ அடாப்டர் போட்டு அதுலயும் மாட்டலாம். அது வரைக்கும் இந்த புலி படத்த பன்னெண்டுக்கு பதினெட்டுல பிரின்ட் போட்டு வீட்ல மாட்டு, 24 மெகாபிக்ஸல் அதுக்கு தாராளம்.